சிவப்புப் பொத்தான் போதும்

கரையாம்பேடு,
12.11.2006

அன்புள்ள வஹாப் அண்ணனுக்கு, தங்கை நஜ்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மா, சிஃபா, இவர், நான் எல்லோரும் அல்லாஹ் கருணையில் சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஜுபைலில் உங்கள் உடம்பும் வேலையும் எப்படி?

வெள்ளிக்கிழமை போனை எடுக்கவில்லை என்று பொன்னேரி மாமாவிடம் என்னைத் திட்டினீர்களாம். அண்ணா, அந்த செல்போன் இப்போது எங்களுடையது இல்லை, மோட்டாருடையது. இத்தனை வருஷம் உங்கள் மச்சான் ஆரணி ஆற்றங்கரைக் கிணற்றுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் மோட்டார் போடுவார். இங்கே ஊர்த் தொட்டி நிரம்பியதும் மறுபடி மிதித்துப் போய் நிறுத்துவார். புதுத் தலைவர் ஆதிநாராயணன் ஜெயித்த கையோடு ஒரு பெட்டி வாங்கி மோட்டார் ரூமில் மாட்டிவிட்டார். அதற்குள்ளே ஒரு சிம் கார்டு. அந்த எண்ணுக்குப் போன் அடித்து 1234 அமுக்கி, பிறகு 1 அமுக்கினால் மோட்டார் ஓடும். 0 என்றால் நிற்கும். பஞ்சாயத்து மோட்டார்காரர் இப்போது பாயில் படுத்துக்கொண்டே ஊருக்குத் தண்ணீர் விடுகிறார். தொப்பை வந்தால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அந்த எண்ணையும் 1234-ஐயும் தொட்டிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைவர் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில்.

ஒன்று மட்டும் மாறவில்லை. மோட்டாரில் கைவைக்கிற நாளில் கரண்டே வராதபடி பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இவர் கிணற்றில் இறங்குகிறார். பை முழுக்கக் கருப்பு. துவைக்கிறவள் நான்.

இனிமேல் கடிதமே போடுங்கள். அம்மா துஆ சொல்லச் சொன்னாள்.

தங்கை நஜ்மா


ஜுபைல்,
3.12.2006

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஸலாம். நான் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது தருகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல்நீரைக் குடிநீராக்குகிற எங்கள் பிளாண்ட்டில் ஒரு பம்ப்பை ஓட்ட எனக்கென்று ஒரு ரகசிய எண், என் சூப்பர்வைசருக்கு வேறு ஒன்று. கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. நீங்கள் சுவரில் எழுதிவைத்திருக்கிறீர்கள்!

இனி எவனும் பூட்டை உடைக்க வேண்டாம், நஜ்மா. டீக்கடையில் உட்கார்ந்தபடி உங்கள் தண்ணீரை நிறுத்தலாம். கிணறு வற்றிய நேரத்தில் ஓடவிட்டு மோட்டார் காயிலைக் கருக்கலாம். செய்தவன் யார் என்று தெரியாது. பழி மட்டும் மச்சான் தலையில் விழும். சுவரில் இருப்பதை உடனே அழிக்கச் சொல். எண்ணை மாற்றச் சொல். அந்தப் பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கும், அதை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்பு.

சிஃபாவுக்கு முத்தம்.

வஹாப்


கரையாம்பேடு,
5.1.2007

அன்புள்ள அண்ணனுக்கு, பக்ரீத் வாழ்த்தும் ஸலாமும். இங்கு அனைவரும் நலம். குர்பானிக் கறி உங்கள் பங்கையும் சேர்த்து அம்மாவே சாப்பிட்டாள்.

நீங்கள் சொன்னதை இவர் தலைவரிடம் சொன்னார். தலைவர் சிரித்துவிட்டாராம். "இன்னா ஆஷிக், உன் மச்சான் சவுதில இருந்துக்கினு நம்ம தொட்டிக்கு வாட்ச்மேன் வேல பாக்கறாரா? தண்ணி பொது, நம்பரும் பொதுதான். எலக்‌ஷன்ல நான் சொன்னதே அதான்" என்றாராம்.

இப்போது தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு முறையோ அந்தத் தெரு ஆள் போன் அடித்து மோட்டார் போட வேண்டும். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் அக்கா இதுவரை போனைத் தொட்டதில்லை. போன வாரம் கடைப் போனிலிருந்து மோட்டார் போட்டுவிட்டு, "இன்னிக்கு ஊருக்கே தண்ணி உட்டவ நான்தான்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சுவரை அழிக்கச் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

நேற்றும் முந்தாநாளும் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. கரண்டாக இருக்கும் என்கிறார் இவர். நீங்கள் பயப்படாதீர்கள்.

தங்கை நஜ்மா


கரையாம்பேடு,
20.3.2007

அண்ணனுக்கு ஸலாம். அம்மாவும் குழந்தையும் சுகம். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

மோட்டார் தானாக நிற்கிறது. இவர் போட்டால் யாரோ நிறுத்துகிறார்கள். தொட்டி காய்ந்ததும் குப்புராஜின் டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வருகிறது. நம் ஊர்க் கிணற்றில் உப்பு, சிப்காட் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனங்கள் குடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்காமல் என்ன செய்வார்கள்? லாரிக்காரனோடு பங்கு போட்டுக்கொண்டு இவர்தான் மோட்டாரை நிறுத்துகிறார் என்று ஊரில் பேச்சு.

குழாயடியில் ஒருத்தி என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, "தண்ணிய வித்துத் துன்ற ஊட்டுக்கு இன்னாத்துக்குடி கொடம்?" என்று கேட்டாள். கெங்கம்மாள் அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

போன வாரம் யாரோ கிணறு வற்றிய நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதியபடியே காயில் கருகிவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். இவர் ஜும்ஆவுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுகிறார். சாப்பாட்டில் கை அளைகிறதே தவிர வாய்க்குப் போவதில்லை.

நீங்கள் கேட்ட புத்தகத்தின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. அண்ணா, ஏதாவது செய்யுங்கள். திருடன் என்ற பேரோடு இவர் இருக்கமாட்டார்.

நஜ்மா


ஜுபைல்,
8.4.2007

அன்புத் தங்கைக்கும் மச்சானுக்கும் ஸலாம். தைரியமாக இருங்கள். இது தீராத வியாதி இல்லை.

புத்தகத்தை முழுக்கப் படித்தேன். தெரியாததைக் கன்ட்ரோல் ரூமில் இருக்கிற இன்ஜினியரிடம் கேட்டேன். மச்சான் செய்ய வேண்டியது இது: பெட்டிக்குள் இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு புது ரகசிய எண் போட வேண்டும். யார் பிறந்த நாளும் வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம். அடுத்து, மச்சானின் செல் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வேறு எந்தப் போனிலிருந்து கூப்பிட்டாலும் பெட்டி கேட்காது. கூப்பிட்டவன் எண்ணை மச்சான் போனுக்கு மெசேஜாக அனுப்பும். ஆள் தானாக மாட்டுவான்.

ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்டியின் ஞாபகம் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில். கரண்ட் கொஞ்ச நேரம் போனால் தாங்கும். அரை நாள் போனால் எல்லாம் மறந்து பழைய 1234-க்கே திரும்பிவிடும், ஊரே கூப்பிடலாம். பீஸ் கட்டையைப் பிடுங்கினால் பெட்டிக்கும் கரண்ட் நின்றுவிடும், அதனால் மச்சான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வேலை இருந்தால் ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கி மோட்டாரை நிறுத்தினால் போதும். கட்டையைத் தொடவே வேண்டாம். இதை மச்சானுக்கு அழுத்திச் சொல். நீங்களே பூட்டைப் போட்டு நீங்களே திறந்துவிடாதீர்கள்.

வெற்றிச் செய்தியோடு பதில் போடு.

வஹாப்


கரையாம்பேடு,
10.5.2007

என் அருமை அண்ணனுக்கு, நஜ்மா, சிஃபா, அம்மா, உங்கள் மச்சான் எல்லோரும் தனித்தனியாக ஸலாம் சொல்கிறோம். அத்தனை பேரும் ரொம்ப ரொம்ப சுகம்!

ஆள் மாட்டிக்கொண்டான். புது எண் போட்ட மறுநாளே மெசேஜ் வந்தது. குப்புராஜ் போன்! இவர் நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்த் தலைவர் கையில் போனைக் கொடுத்து, "இந்த நம்பர் யாருதுன்னு நீங்களே அடிச்சிப் பாருங்க" என்றார். அடித்தால் வெளியே நின்ற லாரியில் மணி அடிக்கிறது. தலைவருக்கு முகம் செத்துவிட்டது. சுவரில் இருந்ததை அன்றைக்கே சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டார்கள். லாரி இப்போது எளாவூர்ப் பக்கம் போய்விட்டதாம். குழாயடியில் என் குடத்தைத் தள்ளினவள் இன்று அவள் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் தவிக்கட்டும்.

தலைவர் தன் போனையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தலைவர் இல்லையா, செய்துகொடுத்தார் இவர்.

லாரி ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் இவர் ஒரு தடவை கோட்டைவிட்டார். பம்ப்பில் தண்ணீர் கசிகிறது என்று பழைய பழக்கத்தில் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு காலையிலிருந்து கிணற்றில் கிடந்தார். பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அன்று சாயந்திரமே மோட்டார் நின்றது. குப்புராஜ் தினமும் முயற்சி செய்துகொண்டே இருந்திருக்கிறான், பாருங்கள். அப்புறம் நீங்கள் எழுதியதை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். "கட்டயப் புடுங்காம பம்ப்புல கை வெக்கறது சட்ட இல்லாம தெருவுல போற மாரி கீது நஜ்மா" என்றார். பிறகு, "உங்கண்ணன் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். அவரு படிச்சவரு" என்று ஒப்புக்கொண்டார். இப்போது சிவப்புப் பொத்தான்தான். சட்டைப்பை சுத்தமாக இருக்கிறது.

நிம்மதியாகத் தூங்குகிறார், அண்ணா. இது நீங்கள் கொடுத்தது.

உங்கள் தங்கை நஜ்மா


ஜுபைல்,
2.6.2007

அன்புத் தங்கைக்கு ஸலாம். நான் நலம். உன் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கரையாம்பேட்டுத் தொட்டிக்கு இங்கிருந்து காவல் காத்தவன் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன்.

மச்சான் மாதிரி ஆட்கள் இங்கே இருந்தால் நன்றாக முன்னுக்கு வருவார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. மெஷினில் கைவைக்கிறவன் முதலில் மெயின் சுவிட்சுக்குத் தன் பெயர் எழுதிய மஞ்சள் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வான். அவனாகத் திறக்கும்வரை சூப்பர்வைசர் நினைத்தாலும் மெஷின் ஓடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. நம் ஊருக்கும் இதெல்லாம் வர வேண்டும்.

நோன்புக்கு முன்னால் லீவு கேட்டிருக்கிறேன். சிஃபாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

வஹாப்


கரையாம்பேடு,
28.6.2007

அண்ணனுக்கு ஸலாம். அம்மா இருக்கிறாள். சிஃபா இருக்கிறாள்.

மாமா உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் எழுத வேண்டும். மறுபடி பம்ப்பில் கசிவு. காலை நாஷ்டா முடித்துவிட்டு இவர் கிணற்றில் இறங்கியிருக்கிறார். அந்த நேரம் நம் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கெங்கம்மாள் அக்காவும் போயிருந்தாள். தலைவர் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து, "ஆஷிக் எங்கியோ பூட்டான்போல, இருங்க நானே போடறேன்" என்று தன் போனிலிருந்து மோட்டார் போட்டார். சுழல ஆரம்பித்த பம்ப்பில் கைலி சுற்றிக்கொண்டு இவரை இழுத்துவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் பிடித்தார்கள். நானும் ஒரு குடம் பிடித்தேன்.

ஜனாஸாவைத் தூக்கும்போது தலைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் பழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெங்கம்மாள் அக்கா அந்தத் தண்ணீரை வாசலிலேயே கொட்டிவிட்டாளாம். தினமும் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் தபாலில் போடுவாள், இத்தா முடியும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது.

உங்கள் கடிதம் மய்யித்து அடக்கம் முடிந்த பிறகு வந்தது. மஞ்சள் பூட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

நஜ்மா


ஜுபைல்,
15.7.2007

அன்புத் தங்கை நஜ்மாவுக்கு ஸலாம். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

வீட்டுச் செலவுக்கு மாமா மூலம் அனுப்பியிருக்கிறேன். சிஃபாவைப் பொன்னேரிப் பள்ளியிலேயே படிக்க வை, நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவின் தைலத்தை ராத்திரியில் சூடு செய்து தடவச் சொல். இங்கே வெயில் அதிகம். மதியம் வெளி வேலையை நிறுத்திவிட்டார்கள். மழைக்கு முன்னால் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிவிட ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். லீவில் வரவில்லை. நான்தான் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வரியாவது பதில் போடு.

வஹாப்


ஜுபைல்,
24.8.2007

நஜ்மாவுக்கு ஸலாம். உன்னிடமிருந்து பதில் இல்லை. அம்மா நலமா என்று கேட்டு எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன கடிதத்தில் கூரை ஓடுகளைப் பற்றியெல்லாம் எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. கட்டை மச்சான் பையில் இருந்திருந்தால் தலைவர் என்ன, ஊரே சேர்ந்து கூப்பிட்டிருந்தாலும் அந்த மோட்டார் அசைந்திருக்காது. சிவப்புப் பொத்தான் மோட்டாரை நிறுத்தும். அடுத்த போன் வந்தால் பெட்டி மறுபடி ஓட்டும். இது எனக்குத் தெரியும். தினமும் கண்ணெதிரே மஞ்சள் பூட்டைப் பார்க்கிறவன் நான். குப்புராஜைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியாள் வராமல் இருக்க வழி சொன்னேனே தவிர, உள்ளே இறங்குகிற மனிதனை நினைக்கவில்லை.

மச்சானின் கவனக்குறைவு என்று பேசுகிறார்களாம், மாமா சொன்னார். திருவள்ளூரிலிருந்து அதிகாரி விசாரணைக்கு வருகிறாராம். நான் அவருக்கு எழுதிவிடுகிறேன், சொன்னவன் நான்தான் என்று. கேஸ் வந்தால் வரட்டும், வேலை போனால் போகட்டும். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

வஹாப்


கரையாம்பேடு,
29.10.2007

அண்ணனுக்கு, நஜ்மாவின் ஸலாம். பெருநாள் வந்து போனது. போன வாரம் இத்தா முடிந்தது. அம்மாவுக்கு நடை குறைந்துவிட்டது, மற்றபடி நலம்.

பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. கோபம் இருக்கிறது, அண்ணா. உங்கள் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டிய என்மேலும் இருக்கிறது. அவருக்கு மனதே இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சம்மதிக்க வைத்தோம்.

நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். அதிகாரி நோன்பிலேயே வந்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், நான் திரைக்குப் பின்னால் இருந்து பதில் சொன்னேன். அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்பவும் பீஸ் கட்டையைப் பிடுங்குவாராமே, அன்னைக்கு ஏன் பிடுங்கலை? பிடுங்க வேணாம்னு யாராவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே மகன். மருமகனையும் மகன் மாதிரிதான் வைத்திருந்தாள். ஒருவரைப் புதைத்தாயிற்று. இன்னொருவரையும் அவளிடமிருந்து நான் எடுத்துவிட முடியாது.

"யாரும் சொல்லல சார், அவரே மறந்துட்டாரு" என்றேன். பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திருடன் என்ற பேரை அழிக்கத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டார். இப்போது கவனமில்லாதவன் என்ற பேர். அதைக் கொடுத்தவள் நான்.

ஆனால் அம்மா நம்பவில்லை. "ஆஷிக் மறக்கற ஆளா? மறக்கவே மாட்டானேடி" என்று தினமும் கேட்கிறாள். நீங்கள் ஊருக்கு வந்தால் உங்களையும் கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்து, மச்சான் மறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். அது உங்களால் முடியும் என்கிற நாளில் வாருங்கள், அதற்கு முன்னால் வராதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஜ்மா